வெனீர் ஒட்டும் முன் பல்லை எவ்வளவு ராவுகிறார்கள்?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மாடித் தொட்டி கழுவுவது எல்லாம் பேசி முடித்த பிறகு இருபது நிமிடம் மிச்சம் இருக்கும், அதில் அந்தப் பல் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தை பிறக்கப் போகிறது. நம் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மண்டபம், புடவை, நகை என்று போடும் பட்டியலில் இப்போது முன்பற்களுக்கு வெனீர் என்பதும் சேர்ந்துவிட்டது. எட்டுப் பல், இரண்டே வருகை, இவ்வளவு ரூபாய் என்ற விளம்பரம் நம் வாட்ஸ்அப் குழுவிலேயே இரண்டு முறை வந்தது.

நான் மருத்துவர் இல்லை. படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. ஆனால் சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்காக மூன்று பல் மருத்துவர்களிடம் போய்வந்தேன். கேட்டதையும் படித்ததையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இங்கே பேசுவதற்கு முன் அதை ஒரு பல் மருத்துவரிடம் காட்டி, தப்பு இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதைத்தான் சொல்கிறேன்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அந்தப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களின் எனாமல் சரியாக இறுகாமல் போகும். பல் முளைத்து வெளியே வரும்போதே சுண்ணாம்புத் திட்டு தெரியும், பிறகு மஞ்சள், பழுப்புக் கோடு என்று வரும். புளோரோசிஸ் என்கிறார்கள். மத்திய அரசு 2008-09ல் புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒருசில மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பிறகு ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது. நல்ல காரியம். ஆனால் முன்பற்களின் எனாமல் பிள்ளை பிறந்த முதல் சில ஆண்டுகளிலேயே உருவாகி முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று கல்யாண வயதில் இருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் புதுத் தண்ணீர் வருவதற்கு முன்பே பல் உருவானவர்கள். என் தங்கை மகளும் அவர்களில் ஒருத்தி. கைக்குட்டை இல்லாமல் சிரிக்க மாட்டாள்.

நிச்சயம் ஆனதும், "மாமா, நீங்களும் கூட வாங்க, எனக்குக் கேட்கத் தெரியாது" என்றாள். முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது. மேல்வரிசையில் பத்துப் பல்லுக்கு வெனீர், மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். பல்லில் எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் ஷேப் பண்ணுவோம் சார், அவ்வளவுதான்" என்றார்கள். வேறொருவருக்குச் செய்ததின் படத்தை அவர்களே காட்டினார்கள். பல் நாலா பக்கமும் சீவப்பட்டு, தேய்ந்த பென்சில் முனைபோல் நின்றது. அது வெனீருக்குச் செய்யும் வேலை அல்ல, முழுத் தொப்பிக்கு, அதாவது கிரவுனுக்குச் செய்யும் வேலை என்பதை இரண்டாவது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை 2002-ல் எடெல்ஹோஃப், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தராசில் போட்டே காட்டியிருக்கிறார்கள். மாதிரிப் பற்களை ராவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டார்கள். ஈறுக்கு மேல் தெரியும் பாகத்தில், வெனீர் போன்ற ஒட்டு வேலைகளுக்குச் சுமார் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முழுத் தொப்பிக்கு 63 முதல் 72 சதவீதம். பெயர் ஒன்றாகச் சொல்லலாம், பில்லும் ஒன்றாகப் போடலாம், பல்லில் மிஞ்சுவது ஒன்றல்ல. பிரிட்டனில் இருந்து இளம் வயதினர் துருக்கிக்கு விமானம் ஏறி மலிவாகப் பல் வைத்துக்கொண்டு வருகிறார்கள். 'டர்க்கி டீத்' என்றே அதற்குப் பெயர். வெனீர் என்று நினைத்துப் போய்த் தொப்பியோடு திரும்பியவர்கள் உண்டு. அந்நாட்டுப் பல் மருத்துவச் சங்கமே எச்சரிக்கை விட்டது. நம் ஊரில் அதற்கு விமானம்கூட ஏற வேண்டாம்.

சரி, வெனீர் என்றால் என்ன? பல்லின் முன்முகத்தில் மட்டும் ஒட்டும் செராமிக் மூடி. கனம் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.7 வரை. உங்கள் பையில் இருக்கும் ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். அதைவிட மெல்லிசு. கையில் வைத்து லேசாக வளைத்தாலே படக்கென்று உடையும். அப்படிப்பட்ட பொருள் பல்லில் ஒட்டிய பிறகு பத்து, பதினைந்து வருஷம் இட்லி தோசை, முறுக்கு, ஆப்பிள் எல்லாம் தாங்குகிறதே, எப்படி?

ஹாலிவுட்டில் 1930 வாக்கில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படி மெல்லிய மூடிகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்த இடத்தை மறைத்தவரும் அவர்தான். ஆனால் அவை பல்செட்டுக்குப் போடும் பசைத்தூளால் ஒட்டப்பட்டவை. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், போட்டுக்கொண்டு சாப்பிட முடியாது. பிறகு 1955-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் மைக்கேல் பூனகோர் என்பவர் ஒன்றைக் கவனித்தார். உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்குமுன் பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்களே, அதைப் பல்லில் செய்தால் என்ன? 85 சதவீத அமிலத்தை 30 விநாடி எனாமலில் வைத்துக் கழுவினார். பிசின் கெட்டியாகப் பிடித்தது. இன்று சுமார் 37 சதவீத அமிலம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அதேபோல் செராமிக்கின் உள்பக்கத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்துப் பிசினைப் பிடிக்க வைக்கலாம் என்பது 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பிறகுதான் இன்று நாம் பேசும் வெனீர்.

அமிலம் என்ன செய்கிறது? எனாமலில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்துளைகளைத் திறக்கிறது. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகுகிறது. ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய நுனியோடு முறுக்கி இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இணைப்பை மட்டும் இழுத்தால் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து நிற்பதால்தான் பாவு முழுவதும் இழுவை தாங்குகிறது.

இந்தப் பிடிப்பு மிகச் சிறப்பாக அமைவது எனாமலில். எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள், காய்ந்த பாறை மாதிரி. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு ஜாதி. அதில் தாது 70 சதவீதம்தான். மீதி புரதமும் ஈரமும். நுண்குழாய்கள் வழியாக உள்ளிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அதிலும் ஒட்டலாம், நல்ல பசைகள் வந்துவிட்டன. ஆனால் எனாமல் அளவுக்கு நீண்ட காலம் நம்ப முடியாது. இன்னொன்று, டென்டின் சற்று வளையும். கடினமான எனாமல் அப்படி வளையாது. ஒரு கண்ணாடித் தகட்டைக் கருங்கல் மேடையில் ஒட்டி விரலால் அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது. அதையே மெத்தை மேல் வைத்து அழுத்துங்கள். எனாமலைத் தாண்டி ராவிவிட்டால் செராமிக்கை மெத்தை மேல் வைத்த கதைதான். தகடு அதே தகடு, கம்பெனி அதே கம்பெனி, விரிசல் மட்டும் சீக்கிரம் வரும்.

குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டும்போது பார்த்திருப்பீர்கள். பின்னால் கலவை முழுக்க நிரம்பிய டைலை முட்டினாலும் உடையாது. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வருகிற டைல்தான் ஒருநாள் பக்கெட் பட்டு உடையும். பி பிளாக்கில் போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கும், பெயின்டின் மேலேயே ஒட்டிவிட்டுப் போன ஆளால் வந்த வினை. டைல் மேல் குற்றமில்லை, சுவரைத் தயார் செய்ததில்தான் குற்றம்.

ஆக எவ்வளவு ராவலாம் என்பதுதான் முழுக் கேள்வியும். முன்பல்லின் எனாமல் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. கடிக்கும் நுனிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நடுவில் அதைவிடக் குறைவு. ஈறு ஓரத்தில் 0.3-லிருந்து 0.5 மில்லிமீட்டர் தான். அதனால் ஈறு ஓரத்தில் 0.3, நடுவில் 0.5, நுனிப்பக்கம் 0.7 அளவில் எடுப்பது வழக்கம் என்றார் எங்கள் இரண்டாவது மருத்துவர். எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக 0.7 எடுத்தால் ஈறு ஓரத்தில் எனாமல் காலி. பல் வெனீரோடு சேருகிற விளிம்பு அங்கேதான் இருக்கிறது. உமிழ்நீர், காபி, பிரஷ் எல்லாம் படுவதும் அங்கேதான். விளிம்பு டென்டினில் போய் உட்கார்ந்தால் கசிவு, கறைக்கோடு, கூச்சம், கடைசியில் சொத்தை என்று வரிசையாக வரும்.

அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்து எப்படி எடுப்பது? கண்ணை நம்பக் கூடாது. அதற்கென்றே ஆழம் குறிக்கும் ராவு முனைகள் இருக்கின்றன. குறித்த ஆழத்துக்கு மேல் அவை இறங்காது. முதலில் அதனால் கோடு போட்டுக்கொண்டு, கோடு மறையும்வரை சமப்படுத்துவார்கள். இன்னும் நல்ல முறை ஒன்றும் உண்டு. ராவுவதற்கு முன்பே, முடிந்த பல் எப்படி இருக்க வேண்டுமோ அதை அச்சில் மெழுகால் செய்து, அந்த வடிவத்தைத் தற்காலிகப் பிசினால் உங்கள் வாயிலேயே பல்லின் மேல் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் கண்ணாடியில் பார்க்கலாம், பேசிப் பார்க்கலாம். பிறகு அந்தப் பிசினின் மேலிருந்துதான் ஆழம் குறிப்பார்கள். இதன் லாபத்தைப் பாருங்கள்: ஒருவருக்குப் பல் ஏற்கெனவே தேய்ந்தோ உள்ளே தள்ளியோ இருந்தால், வெனீர் வர வேண்டிய இடத்தில் பாதி காலியாகவே இருக்கும். அங்கே ராவவே தேவையில்லை. பல்லின் மேலிருந்து அளப்பவர் அதையும் சேர்த்து வீணாக ராவிவிடுவார். அனாவசியமாக எடுத்த எனாமல் திரும்ப வளராது. வங்கி பாஷையில் சொன்னால் அது முதல், வட்டி அல்ல.

உடனே சிலர், ராவவே வேண்டாம், அப்படியே ஒட்டுகிறோம் என்கிறார்களே, அது நல்லதுதானே என்று கேட்பீர்கள். சிலருக்கு நல்லது. பற்களுக்கு இடையே இடைவெளி இருப்பவர், பல் சிறியதாக இருப்பவர், நிறம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர். மற்றவர்களுக்கு அப்படியே ஒட்டினால் பல் தடித்துத் தெரியும். உதடு தூக்கும். ஈறு ஓரத்தில் ஒரு படி நின்றுவிடும். அந்தப் படியில் சோறும் அழுக்கும் தங்கி ஈறு வீங்கிச் சிவக்கும். பழுப்பு நிறத்தை மறைக்கவும் கொஞ்சம் கனம் வேண்டும். ஆகவே ராவாமல் இருப்பதும் எல்லோருக்கும் பொருந்திவிடாது.

அடுத்தது பொருத்தம். வெனீர் ஒரே திசையில் நழுவிப் பல்லின் மேல் உட்கார வேண்டும். டிபன் கேரியர் அடுக்கு ஒன்றில் நசுங்கல் இருந்தால் மேல் அடுக்கு உட்காராது அல்லவா? அதுபோல, ராவிய பல்லில் எங்காவது உள்வாங்கிய குழிவு இருந்தால் தகடு முழுக்க இறங்காது. அழுத்தி உட்கார வைத்தால் உடையும், இல்லாவிட்டால் இடைவெளி நிற்கும்.

இப்போது பல இடங்களில் வாயை ஸ்கேன் செய்து, செராமிக் கட்டியை இயந்திரத்தில் கடைந்து எடுக்கிறார்கள். இயந்திரம் என்றதும் துல்லியம் என்று நினைக்கிறோம். ஆனால் கடையும் முனை உருண்டையானது, அதற்கு ஒரு கனம் உண்டு. சதுர டப்பாவின் மூலையை உருண்டைக் கரண்டியால் வழித்துப் பாருங்கள். மூலை வராது. பல்லில் கூர்மையான விளிம்பு விட்டு ராவியிருந்தால், அந்தக் கூர் உள்ளே நுழைய இடம் கொடுப்பதற்காக இயந்திரம் தேவைக்கு மேல் கடைந்துவிடும். அங்கே இடைவெளி. இடைவெளியைப் பசை நிரப்பும். பசை இறுகும்போது சுருங்கும். பசை கனமாக இருந்தால் சுருக்கத்தின் இழுப்பும் அதிகம். மெல்லிய தகடு உள்ளிருந்தே இழுபட்டு, யாரும் எதையும் கடிக்காமலே விரிசல் விடலாம். மேலும் கூர்மையான மூலை எதுவானாலும், அழுத்தம் அங்கே வந்துதான் குவியும். ஆகவே ராவிய பல் தொட்டால் மழுமழுவென்று, மூலைகள் எல்லாம் உருட்டி இருக்க வேண்டும். ஈறு ஓரத்து விளிம்பு கத்திபோல் மறைந்து தேயாமல், லேசாக வளைந்த சிறு பள்ளமாகத் தெளிவாக முடிய வேண்டும். அப்போதுதான் தகட்டை எங்கே நிறுத்துவது என்று செய்கிறவருக்குத் தெரியும்.

விளிம்பில் இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? 1971-ல் மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல் வேலைகளை ஐந்து வருஷம் பார்த்து 120 மைக்ரான் வரை பரவாயில்லை என்றார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். இன்றும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பல் நுனிக்கு வருகிறேன். நம் ஊருக்கு இது முக்கியம். நுனியை எப்படித் தயார் செய்வது என்பதில் நாலு வகை இருக்கிறது. நுனியைத் தொடாமல் முன்முகத்தில் ஜன்னல் மாதிரி மட்டும் எடுப்பது ஒன்று. நுனிவரை சன்னமாகக் கொண்டுபோய் முடிப்பது இன்னொன்று. நுனியை ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தட்டையாகக் குறைத்து, அதன் மேல் செராமிக்கை உட்கார வைப்பது மூன்றாவது. குறைத்த நுனியைத் தாண்டிப் பல்லின் பின்பக்கமும் மடித்துக் கொண்டுபோவது நான்காவது. எது வலுவானது என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் நாங்கள் பார்த்த மருத்துவர்களில் இருவர் மூன்றாவது வகையைத்தான் விரும்பினார்கள். நுனியில் செராமிக்குக் கனம் கிடைக்கிறது, வெட்டு எளிது, தகடு நேராக உட்காரும். சன்னமாக முடித்த நுனியில் செராமிக் காகிதம் போல் ஆகி, சில்லு பெயரும் அபாயம் அதிகம். மடித்துக் கொண்டுபோகும் வகையில் பின்பக்க விளிம்பு, கீழ்ப்பல் வந்து மோதும் இடத்தில் விழுந்துவிடக் கூடாது. அதனால்தான் நல்ல மருத்துவர் நிறத் தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, பல் எங்கே மோதுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வார்.

நம் ஊருக்கு முக்கியம் என்றேன். இங்கே தறியில் உட்கார்பவர்கள், ஜரிகை வேலை செய்பவர்கள், பிளவுஸ் தைப்பவர்கள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவர்கள் வீட்டுக்கு வீடு. நூலைப் பல்லால் கடித்து அறுக்காத கை இந்த ஊரில் குறைவு. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நூலைக் கடித்தால் முன்பல் நுனியில் சின்ன வெட்டு விழும். தையல்காரர்களுக்கு வரும் இந்த வெட்டு பல் மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிறது. ஊக்கைப் பல்லால் திறப்பது, பால் பாக்கெட் முனையைக் கடிப்பது இதெல்லாம் அதே கணக்கு. வெனீர் வைக்கப் போகிறவர் இந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் நுனியைத் தயார் செய்கிற விதமே அதனால் மாறலாம், அல்லது உங்களுக்கு வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தாலும் அப்படியே. இரவில் போட்டுக்கொள்ள ஒரு உறை செய்து கொடுப்பார்கள்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வகைப் போர்சிலைன் பார்க்க அழகு, வலு குறைவு. லித்தியம் டைசிலிகேட் என்பது அதைவிடப் பல மடங்கு வலு, அமிலத்தால் அரித்து ஒட்டவும் வரும். ஜிர்கோனியா எல்லாவற்றையும்விட வலு, பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று உத்தரவாத அட்டையும் தருவார்கள். ஆனால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் மற்ற செராமிக்கை அரிப்பதுபோல் ஜிர்கோனியாவை அரிக்காது, ஏனென்றால் அதில் கண்ணாடிப் பகுதி இல்லை. ஆகவே மெல்லிய தகடாக ஒட்டுவதற்கு அது அவ்வளவு சுலபமான பொருள் அல்ல. அட்டையையும் படித்துப் பாருங்கள். உத்தரவாதம் செராமிக்குத்தான், அடியில் இருக்கும் உங்கள் பல்லுக்கு இல்லை.

புளோரோசிஸ் பல்லில் இன்னொரு சிக்கல். அதன் மேற்பரப்பு அமிலத்துக்குச் சுலபமாக மசியாது. கூடுதல் நேரம் அமிலம் வைக்க வேண்டும், அல்லது அந்த மேல்தோலைச் சன்னமாக எடுக்க வேண்டும். அதற்கடியில் எனாமல் பொடபொடவென்று இருக்கும். ஆழமாக ராவி எல்லாப் பழுப்பையும் எடுத்துவிடலாம் என்று இறங்கினால் டென்டினில் போய் நிற்கும். எங்கள் இரண்டாவது மருத்துவர் அதனால்தான் வெனீரைப் பற்றிப் பேசவே ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். முதலில் மேற்பரப்பை அமிலம் கலந்த நுண்தூளால் லேசாகத் தேய்த்தார். பிறகு பிளீச். பத்தில் ஆறு பற்கள் அதிலேயே பேச்சுவழக்கில் சொல்வதென்றால் 'பார்க்கிற மாதிரி' ஆகிவிட்டன. நடுவில் இருந்த நாலு பற்களில்தான் பழுப்பும் குழியும் நின்றது. அந்த நாலுக்கு மட்டும் வெனீர். பிளீச் முடிந்த உடனே ஒட்டினால் பிடிப்பு குறையும் என்று இரண்டு வாரம் இடைவெளி விட்டார். கல்யாணத் தேதி நெருங்கி என் தங்கை என்னைத் திட்டாத நாளில்லை. அவளைச் சமாளிப்பதுதான் அந்த மூன்று மாதத்தில் எனக்கு இருந்த பெரிய வேலை. கல்யாண ஆல்பத்தில் பெண் பல் தெரியச் சிரிக்கிறாள், கைக்குட்டை இல்லை.

ஆகவே போகிறவர்கள் ராவுவதற்கு முன்பே கேளுங்கள். எத்தனை பல், ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆழம், எனாமலுக்குள்ளேயே நிற்குமா என்று. பின்பக்கமும் ராவுவீர்களா என்று கேட்டால் வெனீரா தொப்பியா என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும். வாயில் மாதிரி போட்டுக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ராவிய பிறகு அச்சு எடுக்கும் முன் உங்கள் பல்லை ஒரு படம் எடுத்து உங்களுக்கே கொடுக்கச் சொல்லுங்கள். செய்கிறவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சட்டப்படி பதிவு இல்லாதவர் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது, அழகு நிலையத்துக்கும் சேர்த்துத்தான். செலவு கட்டாதவர்கள் சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்கலாம். வரிசையில் நிற்க வேண்டும், அவசரத்துக்கு ஆகாது, ஆனால் யாரும் பத்துப் பல்லுக்குப் பேக்கேஜ் போட மாட்டார்கள்.

பேசி முடித்த பிறகு மூன்று கேள்விகள் வந்தன. அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள்.

மூன்றாம் மாடி அம்மா ஒருவர், ராவும்போது வலித்தால் ஊசி போடச் சொல்லலாமா என்று கேட்டார். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எனாமலுக்குள்ளேயே நிற்கும் வேலையில் பெரிய கூச்சம் வராது. நிறையக் கூசினால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை. எங்காவது டென்டின் தெரிந்துவிட்டால் அன்றைக்கே அதன் மேல் பிசின் பூசி மூடிவிடுவது நல்லது என்கிறார்கள். தகடு வரும்வரை கூச்சமும் குறையும், பிறகு ஒட்டும்போது பிடிப்பும் கூடும்.

என் வயதுக்காரர் ஒருவர், தேய்ந்த பல்லுக்கு வைக்கலாமா என்றார். நம் வயதில் முன்முகத்து எனாமலே தேய்ந்து மெலிந்திருக்கும். பெரிய அடைப்புகளும் இருக்கும். ஒட்டுவதற்கு எனாமல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். விளிம்பைச் சுற்றியாவது எனாமல் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் அடைப்பாக இருக்கும் பல்லுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டியிருக்கும்.

வெனீர் கழன்று கையில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான். உடையாமல் முழுசாக வந்திருந்தால் ஒரு சின்ன டப்பாவில் பத்திரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும், பல நேரம் அதையே சுத்தம் செய்து திரும்ப ஒட்ட முடியும். ஃபெவிக்விக் மட்டும் போடாதே தம்பி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, அதனால் சந்தேகமாக இருக்கிறது.